முழுவியளம்

“வானில இடமில்லைத் தங்கச்சி” என்றார் நவரட்ணம், காலியாகக் கிடந்த பின்சீற்றை முதுகால் மறைத்துக்கொண்டு.

“ஒரு ஓரமா இருந்தாலும் காணும் அண்ணை. மகன் விளையாடுறதைப் பாக்கோணும் எண்டு ஆசையா இருக்கு” என்றாள் யோகராணி.

“எங்கை தங்கச்சி இருத்திறது? எல்லாம் ஃபுல்.”

யோகராணி பின்சீற்றைப் பார்த்தாள். பிறகு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

அவள் போனதும் வானுக்குள் இருந்த சீமோன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். “என்னண்ணை, பெத்த தாயெல்லே?”

“ஆர் இல்லை எண்டது? போன வருசம் ஃபைனலுக்கு இந்த வானிலதான் கூட்டிக்கொண்டு போனனாங்கள். ஒரு புள்ளியால தோத்துப்போனம். புருசன் இல்லாத மனிசி முன்னுக்கு வந்தால் முழுவியளம் எப்பிடிச் சரிவரும்?”

ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருடமாகியும் நவரட்ணம் முழுவியளத்தை விடவில்லை. வெளிக்கிடும்போது எதிரே நல்ல சகுனம் வந்தால்தான் காரியம் பலிக்கும் என்பார்.

அந்தச் சின்னக் கொலிச்சின் பாஸ்கெற்போல் ரீமில் யோகராணியின் மகன் பிரசாந் ஒருவன்தான் தமிழன். எங்கட பெடியன் பந்து போடுகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மில்லிக்கன் பக்கத்துத் தமிழருக்கு வெள்ளிக்கிழமைகளில் வேறு வேலை இல்லை. வான் நிறைய ஆட்கள், ஒரு பறை, ஒரு பெரிய பிளாஸ்க் தேத்தண்ணி.

தொண்ணூற்றாறு நவம்பரில் புதுச் சீசன் தொடங்கியபோது முழுவியளத்தையும் நவரட்ணமே ஒழுங்கு செய்துவிட்டார். ஒவ்வொரு மட்ச்சுக்கும் வான் வெளிக்கிடும்போது அவருடைய மனைவி சந்திரவதனா நெற்றி நிறையப் பொட்டோடு, செம்பு நிறையத் தண்ணீரோடு எதிரே வரவேண்டும். வெளியே மைனஸ் எட்டு.

“தண்ணி கட்டியாகுதப்பா!”

“ஆடாமல் வாரும். சிந்தப்போகுது!”

ரீம் வென்றது. அடுத்த மட்ச்சும் வென்றது. டிசம்பர் முடியும்வரை ஒன்றையும் விடவில்லை.

“பாத்தியே, செம்பு வேலை செய்யுது” என்று நவரட்ணம் சீமோனின் தொடையில் ஓங்கி அடித்தார்.

சீமோனின் கண் எதிரணியின் ஆட்கள் இருக்கும் பக்கத்தில் இருந்தது. “அண்ணை, அங்கால ஒரு பச்சைத் தொப்பி. எந்த மட்ச்சுக்குப் போனாலும் அந்தத் தொப்பி இருக்குது.”

“கனடாவில ஒரு பச்சைத் தொப்பிதான் வித்தவங்களே? நீ பந்தைப் பார்!”

ஜனவரியில் ஒரே ஒரு மட்ச் தோற்றார்கள். சந்திரவதனா செம்பை முக்கால்வாசிதான் நிரப்பினாள் என்று நவரட்ணம் வான் முழுக்கக் கேட்கச் சொன்னார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மார்ச்சில் ஃபைனல் வந்தது. செம்பு விளிம்புவரை நிரம்பியிருந்தது.

கடைசி இரண்டு விநாடி. எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று. பிரசாந்துக்கு யாரும் மறிக்க முடியாத இரண்டு ஃபிரீ த்ரோ. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. நவரட்ணம் கண்ணை மூடிக்கொண்டார். சந்திரவதனா தனக்குத் தெரிந்த எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்தாள்.

இரண்டாவது பந்து வலைக்குள் இறங்கியது.

பிறகு அந்த ஜிம்மில் பறைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சீமோன் நவரட்ணத்தைத் தூக்கிச் சுற்றினான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் சந்திரவதனாவோடு ஆடினார். ரீம் பெடியள் வென்றவர்களின் வழக்கப்படி வலையை வெட்டி எடுத்துப் பிரசாந்தின் கழுத்தில் போட்டார்கள்.

“வாறான், வாறான், எங்களிட்டத்தான் வாறான்!” என்று நவரட்ணம் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

பிரசாந் எதிர்ப்பக்கம் ஓடினான். படிகளில் தாவி ஏறி, வலையைக் கழற்றிப் பச்சைத் தொப்பிக்காரியின் கழுத்தில் போட்டான். தொப்பி கழன்று விழுந்தது.

யோகராணி.

எல்லோரும் பறையை விட்டுவிட்டு அங்கே ஓடினார்கள்.

“உவ எப்ப வந்தவ?” என்றார் நவரட்ணம்.

“அம்மா சீசன் முழுக்க வந்தவ அங்கிள். பஸ்ஸில வருவா. தூரமெண்டால் கோச்சின்ர வைஃப் கூட்டிக்கொண்டு வருவா.”

“அப்ப ஏன் இஞ்சால வந்து இருந்தவ?”

“நான் உங்களோட சண்டைக்கு வரத்தான் நிண்டனான். அம்மா விடேல்லை. ‘என்னைக் கண்டால் அவைக்குக் குரல் வராது. அவை கத்தினால்தான்டா நீ நல்லா விளையாடுவாய், பேசாமல் இரு’ எண்டவ.”

நவரட்ணம் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

சீமோன் விரல் மடித்து யோசித்தான். “அப்ப ஜனவரியில தோத்தமே, அண்டைக்கும் வந்தவவோ?”

“இல்லை. அண்டைக்கு மட்டும் அம்மாவுக்கு லீவு கிடைக்கேல்லை.”

சந்திரவதனா கணவனின் பக்கம் திரும்பினாள். “நாலு மாசமா என்னைச் செம்போட பனிக்குள்ள நிப்பாட்டினது என்னத்துக்கப்பா?”

நவரட்ணத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் லேசில் விழுகிற ஆளில்லை. சட்டென்று முகம் மலர்ந்தது.

“தங்கச்சி! வாற வருசம் வான் வெளிக்கிடேக்க நீங்கள்தான் முன்னுக்கு வரோணும். செம்பும் தேவையில்லை!”

யோகராணி கழுத்திலிருந்த வலையைத் தடவியபடி சிரித்தாள்.

“நான் முன்னுக்கு வரேல்லை அண்ணை. அந்தப் பின்சீற்றில ஒரு இடம் தந்தால் காணும்.”