புரையேறியபோது

உள்ளங்கையில் கிடந்த எலி தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

காது இரண்டும் பின்னால் மடங்கின. வாயோரம் நுரை கட்டியது.

காலை இட்லிதான். பிட்டுப் பிட்டுக் கடுகளவாக்கித்தான் கொடுத்தார். அதுவும் தொண்டையில் நின்றுவிட்டது.

மஞ்சள் மண்டியில் முப்பது வருசம் மூட்டை சுமந்த கை அவருடையது.

புரையேறினால் என்ன செய்வார்கள்? தலையில் தட்டுவார்கள். அவருக்கும் அதுதான் தோன்றியது. ஆள்காட்டி விரலால் எலியின் உச்சந்தலையில் மெல்லத் தட்டினார். வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டார்.

தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

எலி உடம்பை முறுக்கிக்கொண்டது.

அடுப்படியிலிருந்து மனைவி பவளம் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, தலையில தட்டறீங்களே, அதென்ன மனுசனா? நம்ம தொரைய ஆரு நெனைக்கறாங்கன்னு பொரையேறுது?"

துரை என்று பேர் வைத்தவளும் அவள்தான். வெள்ளையாக இருக்கிறது, ஒரு வேலையும் செய்வதில்லை என்று. பக்கத்து வீட்டில் குடியிருந்த காலேஜ் பெண் வீட்டைக் காலி செய்தபோது பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போன எலி. வெள்ளை என்பதும் பேச்சுக்குத்தான். அவர் கையிலிருந்து ஒட்டி ஒட்டி முதுகில் எப்போதும் ஒரு மஞ்சள் பூச்சு.

இப்போது கிழடு. பின்னங்கால் இழுக்கிறது. இரண்டு நாளாக ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

நேற்று சட்டைப்பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒரு சினை எருமைக்குப் பின்னால் வரிசையில் நின்றார். கம்பவுண்டர் முதலில் சிரித்தார். கையில் வாங்கிய பிறகு சிரிக்கவில்லை.

"வயசாயிருச்சுங்க. எலிக்கு வாந்தியெடுக்க வராது, பாத்துக்குங்க. நாளைக்குள்ள ஏதாச்சும் எறங்குனாத்தான் உண்டு."

அந்த நாளை இன்றைக்குத்தான்.

மறுபடி தட்ட விரலைத் தூக்கினார்.

தூக்கிய விரல் அப்படியே நின்றது.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. லாரிக்குச் சாத்திய பலகைமேல் ஏறும்போது ஒருவனுக்கு மூட்டை சரிந்தால் யாரும் கத்தமாட்டார்கள். யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் ஆளும் விழுவான், மூட்டையும் விழும். அவரவர் நின்ற இடத்தில் நிற்பார்கள். அவனே காலை ஊன்றி, அவனே கழுத்தை நிமிர்த்தி வரவேண்டும்.

விரலை மடக்கிக்கொண்டார்.

எலியைத் துணிமேல் இறக்கி, தலை குனிந்த வாக்கில் விட்டார்.

கையை எடுத்துவிட்டார்.

பவளமும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

விலா ஏறி இறங்கியது. ஏறியது.

நின்றது.

ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. நுரையோடு ஒரு வெள்ளைத் துணுக்கு துணியில் விழுந்தது.

துரை முன்னங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

போன ஐப்பசியில் சரிந்தது அவருடைய மூட்டை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள் ஆன ஆள் ஒருவன், வழக்கம் தெரியாமல், பதறித் தாங்கப் போய்விட்டான். விழுந்தவருக்கு மூன்று மாதம் படுக்கை.

சோறு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பவளம் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். எதற்கும் மசியவில்லை. துரைதான் அவர் நெஞ்சின்மேல் ஏறி வந்து, தட்டு விளிம்பில் உட்கார்ந்து, ஒரு பருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கும். கண்ணை மூடிக்கொண்டு. உலகத்தில் அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்கிற மாதிரி. பார்க்கப் பார்க்க அவருக்கு எச்சில் ஊறும். ஒரு வாய் வைப்பார். அது இன்னொரு பருக்கை எடுக்கும். அவரும் இன்னொரு வாய்.

அப்படித்தான் எழுந்து நடந்தார்.

பவளத்துக்கு இது தெரியும்.

அவள் ராகி மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினாள். பழைய சேலைத் துணியில் வடிகட்டினாள். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். திருப்தியில்லை. மறுபடி வடிகட்டினாள். ஆறவைத்துக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

விரல் நுனியில் தொட்டு நீட்டினார்.

துரை முகர்ந்தது. தயங்கியது.

ஒரு நக்கு.

காத்திருந்தார். தொண்டை ஏறி இறங்கியது.

இன்னொரு நக்கு.

உச்சிப்பொழுது தாண்டும்வரை அதே வேலை. மண்டிக்குப் போகவில்லை. விரலிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த துரை, பிறகு தானாகவே கிண்ணத்துக்குக் குனிந்தது. அதைப் பெட்டிக்குள் கிண்ணத்தோடு விட்டுவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். காலையிலிருந்து தானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்.

நாலாவது வாயில் புரையேறியது.

பவளம் ஓடிவந்து தலையில் தட்டினாள்.

"மெதுவா, மெதுவா. ஆரோ நெனைக்கறாங்க..."

சொன்னவள் நிறுத்தினாள்.

பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

கிண்ணத்தில் கூழ் இன்னும் பாதி இருந்தது. துரை நக்குவதை விட்டுவிட்டு, விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தாடையெல்லாம் கூழ்.

இருமல் அடங்கிவிட்டது.

அவள் கையை அவர் தலையிலிருந்து எடுக்கவில்லை.