பனையேறிக்கு இன்னொரு பேர்

மீன் வாடையில் குடியிருக்க முடியவில்லை, கடையைத் தூக்கணும் என்று போன மாதம் கவுன்சிலர் வீடு வரை போய்ச் சத்தம் போட்டவர் வெங்கடசுப்ரமணியன். இன்று அதே கடை முன்னால், துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

நஃபீசா கத்தியைக் கீழே வைத்தாள். "வாங்க சார். மறுபடியும் புகாரா?"

"இல்லம்மா. கொய் மாச் இருக்கா?"

கெண்டை வாங்க வந்த பொன்னுத்தாய் வாயைப் பொத்திச் சிரித்தாள். "வாடையெல்லாம் ஊருக்குத்தான் போல."

நஃபீசா அவர் பக்கம் திரும்பினாள். "கொய் மாச்ங்கறது நடவுக்கு வந்த வங்காளத்துக்காரங்க சொல்ற பேரு சார். நம்ம பக்கம் பனையேறிக் கெண்டை. மழை பேஞ்சா வாய்க்கால விட்டு வரப்பேறி நடக்கும்ல."

"இங்கிலீஷ்லயும் ஏறுற மீனுன்னுதான் பேரு."

"வங்காளத்துல கொய்ன்னா 'எங்க'ன்னும் அர்த்தமாம் சார். நாலு பேரா வந்து கொய், கொய்ங்கறப்ப, மீனக் கேக்கறாங்களா, கூட வந்த ஆளைத் தேடறாங்களான்னே தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. பொன்னுத்தாய் தெரு திரும்பும்வரை காத்திருந்தார்.

"எனக்கில்லம்மா. கல்கத்தா மருமக மாளவிகாவுக்கு. ஏழு மாசம். போட்ட சாதம் தட்டுல அப்படியே கிடக்கு. நேத்து அவ அம்மாகிட்ட போன்ல கொய் மாச், கொய் மாச்னு சொல்லிண்டிருந்தா. அவா ஊர்ல நம்மவாளே மீன் சாப்பிடுவாளாம். எங்காத்து அடுப்புல ஏத்த முடியாது. நீயே குழம்பு வச்சுக் குடுத்துடேன். என் ஆத்துக்காரி மதுரத்துக்குத் தெரியாம கொண்டுபோயிடறேன். வெங்காயம் வாங்கவே யோசிக்கறவ அவ."

"வேணாம் சார்."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் பேசினது தப்புதாம்மா. அந்தக் கோபத்தை வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுமேல காட்டாத."

"கோபமெல்லாம் இல்ல சார். ஒரே நாள்ல ரெண்டு வேளை மீனு, அந்தப் பொண்ணுக்கு ஒத்துக்கணும்ல."

"ரெண்டு வேளையா?"

நஃபீசா முந்தானையால் சிரிப்பைத் துடைத்துக்கொண்டாள்.

"மதியமே உங்க வீட்டு மாமி குழம்பை வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு வாரமா நாந்தான் வச்சுத் தரேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்களாம்; பின்வாசல் வழியா வந்துட்டுப் போறாங்க."