பன்னிரண்டாம் அறை விருந்தாளி

“டீ ஆறிப்போச்சு. வேற கொண்டு வாங்க,” என்றாள் மனைவி, கம்பளிக்குள் காலை நீட்டியபடி.

“இதோ மேடம்,” என்று எழுந்தார் கணவர். “அதுக்குள்ள என் காயை நகர்த்திடாதீங்க.”

“உங்களை ஜெயிக்க அது வேறயாக்கும்!”

ஏரியே உறைந்துபோன குளிர். மூன்று நாளாக விடுதிக்குள்ளேயே கேரம், சீட்டு, அரட்டை. நாளுக்கொரு அறை.

அவர் டீயோடு திரும்பியபோது, அவள் படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“மறுபடியுமா? விருந்தாளி அதெல்லாம் தொடக்கூடாது.”

“கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க.”

போன் அடித்தது. விடுதி முதலாளி.

“வாட்ச்மேன், சீசன் முடிஞ்சு ரூமெல்லாம் காலியா கிடக்கு. தினம் ஒரு ரூம்ல ஹீட்டர் போடுறீங்கல்ல? குழாய் உறைஞ்சா வெடிச்சிடும்.”

“இன்னைக்குப் பன்னெண்டு, ஐயா. நாளைக்குப் பதிமூணு.”

அவள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள்.

“அது என்ன சத்தம்?” என்றார் முதலாளி.

“கே… கேரம் ஐயா.”

“யாரு ஜெயிக்கிறா?”

“எங்க வீட்டம்மாதாங்க.”

“பதிமூணுல இருந்து ஏரி நல்லா தெரியும். அவங்க இருபது வருஷமா பெருக்குற ரூம். ஒரு நாளாவது உக்காந்து பாக்கட்டும்.”

போனை வைத்தவரிடம், “என்னவாம்?” என்றாள் பயத்தோடு.

“நாளைக்கு உங்களுக்கு ஏரி பாத்த ரூம் ஒதுக்கியிருக்காங்க, மேடம்.”