மதினி வீட்டுப் போட்டு

"மதினி வீட்டுப் போட்டு கடல்ல முங்கணும் எப்சி. முங்கிட்டா, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கேன்னு நேந்துட்டேன்!" என்றாள் பாண்டீஸ்வரி.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு எப்சி நிமிர்ந்து பார்த்தாள். "ஆளோடயாக்கா?"

"அதை நான் சொல்லலை. ஆத்தா பாத்து முடிவு பண்ணிக்கிடட்டும்."

பாண்டீஸ்வரியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மகன் விக்னேஷ்வரன் கடற்படையில் சேர்ந்தபோது, ராஜபாளையத்தில் அந்தத் தெருவே அவளை 'நேவிக்காரன் அம்மா' என்றுதான் கூப்பிட்டது. விசேஷ வீடுகளில் முன்வரிசை நாற்காலி தானாக வந்து சேரும். அந்த மவுசு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கேரளாப் பக்கம் ஒரு துறைமுக ஊரில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் அவள் அண்ணன் சோணைமுத்து, சும்மா உல்லாசமாகச் சுற்றிவர ஒரு மோட்டார் போட்டு வாங்கிவிட்டார்.

மம்சாபுரத்துக் கல்யாணத்தில் அத்தனை பேரும் இலையில் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், மதினி செல்லத்தாயின் போனையே பார்த்தார்கள். கூலிங்கிளாஸ் போட்ட அண்ணன், மதினி, நடுவில் மகள் யோகேஸ்வரி, பின்னால் நீலக் கடல். பாண்டீஸ்வரிக்குப் பாயசம் கசந்தது.

"என் மகனும் கடல்லதான் போட்டுல போறான்" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"அது கவர்மெண்டு போட்டு. இது சொந்தப் போட்டுல்லா!" என்று செல்லத்தாய் சிரித்தாள். பந்தியே சிரித்தது. அன்றைக்கு அறுந்ததுதான் இரண்டு வீட்டுப் பேச்சும்.

"ஆனா ஆத்தா கண்ணைத் திறந்துட்டா எப்சி" என்று இப்போது குரலைத் தாழ்த்தினாள் பாண்டீஸ்வரி. "என் மகனை அதே துறைமுகத்துக்கு மாத்திட்டாக. காவல் போட்டுல டூட்டி. போர்க்கப்பல் நிக்கிற பக்கம் ஆரஞ்சு மிதவையா வரிசையாப் போட்டிருப்பாகளாம். அதைத் தாண்டி வெளிப் போட்டு எதுவும் வரக்கூடாதாம்."

"வந்தா?"

"வந்தா, துப்பாக்கியோட போயி மறிச்சிருவாக. கொஞ்ச நாளா ஞாயித்துக்கிழமை ஆனா மதினி போட்டு அங்கதான் வந்து மாட்டுதாம். இவனும் விடமாட்டான். நிறுத்தி, சோதனை போட்டு, கேள்வி மேல கேள்வி கேட்டு, வெயில்ல காயவிட்டுத்தான் அனுப்புதான்."

"சொந்தத் தாய்மாமன் போட்டையா?"

"டூட்டின்னா மாமன் என்ன, மச்சான் என்ன? போன்ல சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு அடங்கலை. பெத்தவ மனசு தெரிஞ்ச பிள்ளைட்டி!"

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கையில் கனமான பையோடு இறங்கியவள், சாட்சாத் செல்லத்தாயேதான். பை முழுக்கப் பால்கோவா வாசனை.

கெஞ்ச வந்துவிட்டாள்! பாண்டீஸ்வரிக்கு உச்சி குளிர்ந்தது. இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வாங்க மதினி" என்றாள்.

செல்லத்தாய் உட்காரக்கூட இல்லை. "பாண்டி, உன் மகன் விசயமாத்தான் வந்தேன். இனி ஒருக்கத் தாண்டுனா போட்டையே பிடிச்சு வச்சிருவோம்னு அவனோட பெரிய ஆபீசரு கண்டிச்சுச் சொல்லிட்டாராம்."

"அதுக்கு நான் என்ன செய்ய மதினி? அவன் பாக்குறது கவர்மெண்டு வேலை. போறது கவர்மெண்டு போட்டு." மம்சாபுரத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பாண்டீஸ்வரி அதோடு விடவில்லை. "அம்புட்டுப் பெரிய மிதவை கிடக்கு. மத்தப் போட்டெல்லாம் ஒதுங்கித்தான போகுது? அண்ணனுக்கு மட்டும் கண்ணு தெரியலையாக்கும்?"

"அவிய எங்க போறாவ? அவியளுக்கு முட்டு வலி வந்ததுலருந்து போட்டுல ஏறுறதே இல்ல. ஓட்டுறது யோகேஸ்வரி."

"அதான பாத்தேன். பொம்பளப் பிள்ளை, பழகாத கை..."

"பழகாத கையா? கண்ணைக் கட்டி விட்டாலும் கரை சேத்துருவா!" செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் மகனுக்கு டூட்டி இல்லன்னா, அந்த மிதவை இருக்குற திசைக்கே போகமாட்டா. அவனுக்கு டூட்டி இருந்தா, வேணும்னே நேரா அங்கதான் விடுதா. ஏட்டி, உனக்குப் பைத்தியமான்னு கேட்டா, 'நீங்க ரெண்டு வீடும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, நான் அத்தானை வேற எப்படிப் பாக்க'ங்கா!"

பாண்டீஸ்வரிக்கு, போனில் அடங்காமல் சிரித்த மகனின் சிரிப்பு இப்போது வேறு மாதிரி கேட்டது.

செல்லத்தாய் பையைத் திறந்தாள். பால்கோவாவுக்கு அடியில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பந்து பந்தாக மல்லிகைப்பூ.

"பந்தியில அப்படிப் பேசுனது என் தப்புதான் பாண்டி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சாவியை ஒளிச்சு வச்சாலும் தேடி எடுத்துக்கிட்டு அந்தப் போட்டுலதான் போயி நிப்பா. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அடங்கிருவா. என் மக உனக்கு மருமகளா வரக்கூடாதா?"

எப்சி கீரையை மடியிலிருந்து கீழே போட்டுவிட்டு, பாண்டீஸ்வரியையே பார்த்தாள்.

பாண்டீஸ்வரி அவசர அவசரமாகச் செருப்பை மாட்டினாள். "எனக்குச் சம்மதம் மதினி, எனக்குச் சம்மதம்! செத்த நேரம் உக்காந்திருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓடிப்போயி, ஆத்தாகிட்ட ஒரு வேண்டுதலைத் திருப்பி வாங்கிட்டு வந்துருதேன்!"