விரிசல் மேல் ஒரு கண்ணாடி

பிசம்பரி வீட்டுச் சுவர் விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டை, சுரங்கப்பாதை என்ஜினியர் புண்டீர் டார்ச் அடித்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

"விரிசல் பெருசாகியிருந்தா இது உடைஞ்சிருக்கும்மா. மூணு மாசம் முன்னாடி நான் ஒட்டினது அப்படியே இருக்கு."

"ஊர்க்காரங்க சும்மா பயப்படுறாங்க சாஹிப்," என்றபடி பிசம்பரி டீயும் வெல்லக்கட்டியும் கொடுத்தாள்.

"உடைஞ்சிருந்தா கதவுல சிவப்புக் குறி போட்டு உங்களை நிவாரண முகாமுக்கு அனுப்பியிருப்பேன். ஊர்க்காரங்க புகாராலதான் மூணு மாசமா மலையில வெடி வைக்கிறதை நிறுத்தி வச்சிருந்தோம். நாளைக்கு ஆரம்பிச்சுடுவோம்."

'ஆபத்தில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் பிசம்பரியின் கணவர் ஜோத் சிங் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது.

"காலையில ஒட்டினது ஒன்பதாவது. இதுதான் கடைசி."

"பையன் கல்யாணம் வரைக்கும் தாங்கினாப் போதும். சிவப்புக் குறி போட்ட வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

ஜோத் சிங் அந்தத் துண்டை விரலால் தடவினார்.

"எட்டு உடைஞ்சது, வெடியே வைக்காத மூணு மாசத்துல."