முழுப்பெயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி டோட்டி என்ற ஊரில் இருப்பதாக அலுவலகத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வலி கண்ட மனைவியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தெற்கே ஓட்டினேன். எந்தப் பலகையிலும் டோட்டி இல்லை, வரைபடத்திலும் இல்லை. பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கேட்டேன். பெக்கானி என்று சட்டையில் பெயர் தைத்திருந்த ஜூலு இன ஊழியர் சிரித்தார். "அமன்சிம்டோட்டி சார். இங்கிலீஷ்ல பேசறப்ப நாங்களே வாலை மட்டும்தான் சொல்றோம். ஊரைத் தாண்டி வந்துட்டீங்க." பின்சீட்டைப் பார்த்ததும் பம்பை மாட்டிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார். "அம்மா, வலி வர்றப்பல்லாம் ஊர்ப்பேரை முழுசாச் சொல்லுங்க. மூச்சு சீராகும்." நான் அதைத் தமிழில் சொன்னேன். "சின்னப் பேரா ஒரு ஊரு கெடைக்கலியா உங்களுக்கு?" என்று யாழினி என்னைத் திட்டினாள். திட்டிவிட்டுச் சொன்னாள். வழி நெடுக, கத்திக் கத்திச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குள் போன பத்தாவது நிமிடம் மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் இனிப்போடு பங்குக்குப் போனேன். அதைப் பெக்கானியிடம் நீட்டினேன். நன்றிக்குப் பதிலாக ஊர்ப்பெயரைச் சொன்னேன், ஓர் எழுத்தும் விடாமல். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.