தினம் ஓட்ட ஒரு கார்

"இதுலயா தினம் வேலைக்குப் போகப் போற?"

விற்பனைக்கு நின்ற அந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை கோனி ஒரு சுற்று சுற்றி வந்தாள். "பத்தொன்பது வருஷப் பழசு. மேலே துணிக் கூரை. நம்ம ஊர் பனிக்கு இது தாங்குமா? குடை பிடிச்சுக்கிட்டே ஓட்டுவியா?"

அவள் புருஷன் டேரல் எல்லாப் பதிலையும் தயாராக வைத்திருந்தான். "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. பெட்ரோல் கம்மியாத்தான் குடிக்கும். பனிக்கு வேற டயர் மாத்திக்கலாம். ரோட்டுல உப்பு கொட்டினா அடியில துரு பிடிக்காம எண்ணெய் அடிச்சு வெச்சுக்கலாம்."

"நாப்பத்தாறு வயசுல ஆசை வந்துடுச்சு. அதை நேரா சொல்லித் தொலையேன்!"

டேரல் அசடு வழியச் சிரித்தான். அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். நிஜக் காரணத்தைக் கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல முடியாது.

நிஜக் காரணம், எதிர் வீட்டு ரோலண்ட்.

அறுபத்து மூன்று வயது. டேரல் வேலை பார்க்கும் அதே பிளாஸ்டிக் ஃபேக்டரிதான். மூன்று வருஷம் முன்பு கண் மங்கி அவருடைய லைசென்ஸ் போனது. காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. "நான் போற வழிதானே, ஏறிக்குங்க" என்று டேரல் ஒரு நாள் வாயை விட்டான். அந்த ஒரு நாள் மூன்று வருஷமாக நீண்டுவிட்டது.

போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். ரோலண்ட் வாய் ஒரு நிமிஷம் ஓயாது. தக்காளிச் செடிக்கு வந்த பூச்சி, செத்துப்போன நாய், மச்சானின் பித்தப்பை ஆபரேஷன். நடுவில் வெங்காயம் போட்ட முட்டை சாண்ட்விச் வேறு. அந்த வாசனை சட்டையோடு வீடு வரை வரும்.

'நாளையிலேர்ந்து வராதீங்க' என்று முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழவில்லை. மனுஷனுக்குப் பென்ஷன் வர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. வண்டி இல்லையென்றால் வேலை போய்விடும். அது டேரலுக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால் ரோலண்டுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. இந்தக் காரின் சீட்டோ தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம். உட்கார்ந்தால் எழுந்திருக்க கிரேன் வேண்டும். 'இது எனக்கு ஆகாதுப்பா' என்று அவரே ஒதுங்கிக்கொள்வார். டேரலை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை கேன்டீனில் கார் வாங்கப்போகிற விஷயத்தைச் சொன்னான். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "பார்ட்ஸ் கிடைக்காதுடா!" என்றான் ஒருவன். "முன்னாடி போற லாரிக்காரன் கண்ணுக்கே தெரியமாட்ட" என்றான் இன்னொருவன்.

ரோலண்ட் மட்டும் மெதுவாகக் கேட்டார். "சீட்டு ரொம்பத் தாழ்வோ?"

"ரொம்ப. ரோட்டுலயே உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்." டேரல் ஒரு பெருமூச்சு விட்டான். "உங்க முட்டியை நினைச்சாத்தான்... உங்களுக்காக வேணாம்னு விட்டுடலாமான்னுகூடப் பார்க்கறேன்."

சொல்லும்போதே காது சுட்டது. இத்தனை சுலபமாகப் பொய் வரும் என்று அவனே நினைக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது ரோலண்ட் வாயே திறக்கவில்லை. மூன்று வருஷமாக டேரல் ஏங்கிய அமைதி. பத்து நிமிஷம்கூடத் தாங்க முடியாமல் ரேடியோவைப் போட்டான்.

வீடு வந்ததும் ரோலண்ட் இறங்கி நின்று, "சனிக்கிழமை வரைக்கும் முடிவு பண்ணாதே தம்பி. எனக்கு அஞ்சு நாள் டைம் கொடு" என்றார்.

வேறு ஆள் தேடப் போகிறார். யார் கிடைப்பார்கள்? நெஞ்சில் முள்ளாக ஏதோ குத்தியது. கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமை காலை, ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ரோலண்டும் அவர் மனைவி நோரீனும் தெருவைக் கடந்து வந்தார்கள். 'ஐயோ, முடியலையா? பரவாயில்லை, விடுங்க.' டேரல் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ரோலண்ட் கதவைத் திறந்தார். காருக்கு முதுகைக் காட்டி நின்றார். கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு அடுத்த கால்.

அதே மாதிரி வெளியே வந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி ரோலண்ட்?" என்றான் டேரல்.

"அதை ஏன் கேக்கற?" நோரீன் பொரிந்தாள். "அஞ்சு நாளா பெயிண்ட் வாளியைக் கவுத்துப் போட்டு இதே கூத்துதான். உட்கார்றதும் எழுந்திருக்கறதும். ரெண்டு தடவை கீழே விழுந்தாச்சு. இந்த வயசுல உங்களுக்கு இது தேவையான்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

டேரல் தலை குனிந்தான். தெருவே தன்னைப் பார்க்கிற மாதிரி உடம்பு கூசியது.

ரோலண்ட் அவன் தோளில் கை வைத்தார்.

"பின்னே என்ன தம்பி? நான் பழகிக்கலேன்னா, எனக்காக நீ ஆசைப்பட்ட காரையே வேணாம்னுடுவே. உன் மனசு எனக்குத் தெரியாதா?"